ஆவாரை வளர்க்கலாம்: விதை எடுப்பதிலிருந்து பூப் பறிப்பது வரை

போகிக்கு முதல்நாள் பேரணாம்பட்டுச் சந்தையில் ஒரு கைப்பிடி ஆவாரம்பூவை இருபது ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பள்ளிக்கூடம் போன நாளில் இங்கிருந்து வி.கோட்டா போகிற மலைச்சாலையின் இரண்டு பக்கமும் இந்தப் பூ மஞ்சளாகக் கிடக்கும். யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. சாலையை அகலப்படுத்தினார்கள், ஓரத்துப் புதரை எல்லாம் ஜேசிபி வழித்துப் போட்டது. மிச்சம் இருந்ததைக் குளியல் பொடிக்கும் டீத்தூளுக்கும் மூட்டை மூட்டையாகப் பறித்துப் போகிறார்கள். தானாக வந்துகொண்டிருந்த செடியை இனி நாம்தான் விதை போட்டு வளர்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் நிலம் ஒன்றரை ஏக்கர், மானாவாரி. வேலிக்கு அந்தப் பக்கம் ஆந்திர எல்லைக் காடு. பத்து வருஷமாக எங்கள் நிலத்தின் மூன்று பக்க வரப்பிலும் ஆவாரை வளர்த்து வருகிறேன். முதல் இரண்டு வருஷம் வைத்ததில் பாதிக்கு மேல் செத்தன. காரணம் வறட்சி இல்லை, நான் காட்டிய கவனிப்பு. ரோஜாவுக்குச் செய்வதை எல்லாம் இதற்குச் செய்தேன். அதனால் இந்த வழிகாட்டியில் என்ன செய்யவேண்டும் என்பதற்குச் சமமாக, எதைச் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும் என்பதும் வரும்.

செடியைச் சரியாக அடையாளம் காணுங்கள்

இதை நிதானமாகப் படியுங்கள். ஆவாரை என்று நினைத்து வேறு செடியின் விதையைக் கொண்டுவந்து போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆவாரைக்கு ஒன்றுவிட்ட உறவுகள் நிறைய. பூ எல்லாவற்றிலும் மஞ்சள்தான்.

ஆவாரை அவரைக் குடும்பத்துப் புதர்ச்செடி. அறிவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா, பழைய நூல்களில் காசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும். ஆரிகுலேட்டா என்றால் காது போன்ற உறுப்பு உள்ளது என்று பொருள். அடையாளமும் அந்தக் காதில்தான் இருக்கிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பாருங்கள், வட்டமாக, சின்னக் காதுமடல் போல ஒரு இலைச்செதில் ஒட்டிக்கொண்டு இருக்கும். உதிராது. இந்தக் காதுமடல் இல்லையென்றால் அது ஆவாரை இல்லை. காம்பின் இரு பக்கமும் எட்டிலிருந்து பன்னிரண்டு ஜோடிச் சிற்றிலைகள், புளிய இலையைவிடப் பெரியவை, நுனி மழுங்கியவை. காய் தட்டை. முற்றினால் காகிதம் போல மெல்லியதாகி, உள்ளே விதை இருக்கும் இடம் எல்லாம் புடைத்துத் தெரியும்.

பேயாவரையிலும் மஞ்சள் பூ வரும். ஆனால் அதற்கு நாலைந்து ஜோடி இலைதான், நுனி கூர்மை, கசக்கினால் குமட்டும் நாற்றம். அதன் விதை நஞ்சு. வட இந்தியாவில் குழந்தைகள் விளையாட்டாக அந்த விதையைத் தின்று ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். குழந்தைகள் புழங்கும் இடத்தில் பேயாவரை முளைத்தால் பூக்கும் முன்னால் பிடுங்கிவிடுங்கள். தகரை முழங்கால் உயரம், மூன்று ஜோடி இலை, ஊசி போல நீண்ட காய். சீமை அகத்திக்குப் பெரிய இலை, பூங்கொத்து மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்கும். சூரத்து நிலாவரை வயிறு கழியக் கொடுக்கிற மருந்துச் செடி. இவை எதையும் ஆவாரம்பூ டீ என்று போட்டுக் குடிக்கக் கூடாது.

எல்லை தாண்டினால் இதற்குத் தங்கேடு என்று பெயர். தெலங்கானா தன் மாநில மலராக வைத்துக்கொண்டது இதைத்தான். பதுக்கம்மா பண்டிகையில் அடுக்குகிற பூக்களில் முதல் இடமும் இதற்குத்தான். எங்கள் பக்கத்துச் சந்தையில் விதை கேட்டுப் போகிறவர்கள் இரண்டு பெயரையும் சொல்லிக் கேட்டால் வேலை சுலபம்.

விதை எடுப்பது

எங்கள் பக்கம் ஆவாரை ஏறக்குறைய வருஷம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். ஆனால் கொள்ளையாகப் பூப்பது ஆடி மழைக்குப் பிறகு தொடங்கித் தை வரை. அந்தப் பூவின் காய்கள் மாசி, பங்குனியில் முற்றிப் பழுப்பாகும். குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரவேண்டும். அந்தப் பருவத்தில் பறியுங்கள். கோடை மழை விழுந்து காய் நனைந்துவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரே செடியில் எடுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். காப்புக்காட்டுக்குள் போய் எடுக்க வேண்டாம், அது வனத்துறைக்கு உட்பட்ட இடம். எங்கள் எல்லையில் கௌண்டின்யா காட்டிலிருந்து யானை இறங்குகிற பாதையும் அதுதான். ஏரிக்கரை, புறம்போக்கு, தெரிந்தவர் வரப்பு போதும்.

காயை ஒரு நாள் வெயிலில் போட்டு, கோணிக்குள் வைத்துத் தட்டிப் புடைத்து எடுங்கள். விதை தட்டையாக, பழுப்பாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல ஓட்டை இருந்தால் உள்ளே வண்டு தின்றுவிட்டது என்று அர்த்தம். பாதிக்கு மேல் இப்படிப் போவதும் உண்டு, ஆகவே தேவைக்கு இரண்டு மடங்கு எடுங்கள். நல்ல விதையை வேப்பிலையோடு கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து வையுங்கள். இரண்டு மூன்று வருஷம் தாங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

விதையின் மேலோட்டை இளக்குவது

விதையை எடுத்துவந்து அப்படியே மண்ணில் போட்டுவிட்டு, முளைக்கவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். ஆவாரை விதையின் ஓடு தண்ணீரை உள்ளே விடாது. இயற்கையில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, ஒன்றிரண்டாக, சில வருஷம் கழித்துக்கூட முளைக்கும். எல்லா விதையும் ஒரே மழையில் முளைத்து, அந்த மழை பொய்த்தால் ஒட்டுமொத்தமாகச் சாகாமல் இருக்க அது வைத்துக்கொண்ட ஏற்பாடு. செடிக்கு நல்லது, நமக்குக் காத்திருக்க முடியாது.

ஒரு டம்ளர் விதைக்கு ஐந்து டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதையைக் கொட்டி, அப்படியே ஆறவிட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். அடுப்பின் மேலேயே விதையைப் போட்டுக் கொதிக்கவிட்டால் வெந்துபோகும். காலையில் பார்த்தால் சில விதைகள் இரண்டு மடங்கு உப்பியிருக்கும். அவற்றை அன்றைக்கே விதையுங்கள். உப்பாததைத் தனியாக எடுத்து மறுபடி ஒருமுறை இதே போலச் செய்யுங்கள். இரண்டாம் முறையும் உப்பாதவற்றைத் தேய்த்தாகவேண்டும்.

இருபது முப்பது விதைதான் என்றால் முதலிலேயே தேய்த்துவிடலாம். தச்சர் வைத்திருக்கும் உப்புத்தாளில் விதையின் ஒரு ஓரத்தை நாலைந்து தடவை உரசுங்கள். விதையின் கண் இருக்கும் பக்கம் வேண்டாம், அதற்கு எதிர்ப்பக்கம். உள்ளே வெளிறிய நிறம் லேசாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டுச் சாதாரணத் தண்ணீரில் ஊறவையுங்கள். என் அனுபவத்தில் கொதிநீரைவிட இதில் ஒன்றுவிடாமல் முளைக்கிறது. விதைத்த ஒரு வாரத்திலிருந்து பதினைந்து நாளுக்குள் தலை நீட்டிவிடும்.

இடம்

நாள் முழுக்க வெயில் விழவேண்டும். மாமர நிழலில் வைத்தால் ஒல்லியாக நீண்டு, நாலு பூவோடு நின்றுவிடும். மண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். செம்மண், சரளை, சுண்ணாம்புக்கல் கலந்த மண், கொஞ்சம் உப்புக் கண்ட மண் எதிலும் வரும். தண்ணீர் தேங்குகிற பள்ளம் மட்டும் ஆகாது. வரப்பின் மேல், மேட்டில், சரிவில் வையுங்கள். ஒரு கடப்பாரை ஆழம் தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

விதைப்பு: நாற்றா, நேரடியா?

நேரடியாக என்பதே என் பதில். ஆவாரை முளைத்த நாளிலிருந்தே ஆணிவேரைக் கீழே இறக்குவதில்தான் முனைப்பாக இருக்கும். மேலே நாலு விரல் உயரம் இருக்கும்போது கீழே முழங்கை நீளம் போயிருக்கும். பாலிதீன் பையில் வளர்த்தால் அந்த வேர் அடியில் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேரோடு நட்ட செடி முதல் கோடையைத் தாண்டினாலும், இரண்டாவது கோடையில் சொல்லாமல் கொள்ளாமல் காய்ந்துவிடும். எனக்கு அப்படிப் போனவற்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் வளையல் மாதிரி சுற்றிக் கிடந்தது.

ஆனி, ஆடியில் முதல் நல்ல மழை விழுந்ததும் விதைக்கலாம். தவறினால் புரட்டாசி. எங்கள் பகுதிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் கிடைப்பதால் ஆடியில் விதைத்தால் கார்த்திகை வரை ஈரம் இருக்கும், வேர் நன்றாகப் போய்விடும். ஒரு சாண் அகல ஆழத்துக்கு மண்ணைக் கொத்தி விடுங்கள். குழிக்கு மூன்று விதை, விரல்நகம் ஆழம். எரு போடவேண்டாம். ஒரு மாதம் கழித்துத் திடமான ஒரு கன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும்.

பூவுக்காக என்றால் செடிக்குச் செடி நாலைந்து அடி. உயிர்வேலிக்கு என்றால் ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசை, எதிரெதிராக இல்லாமல் இடைமாற்றி. வளர்ந்த ஆவாரையை மாடு தொடுவதில்லை, அதனால்தான் இது வேலிக்கு ஏற்றது. இளங்கன்றை ஆடு மட்டும் வாய் வைத்துப் பார்க்கும். முதல் ஆறு மாதம் முள்கிளை வெட்டிச் சுற்றி வையுங்கள்.

பையில் வளர்த்தே ஆகவேண்டும் என்றால் உயரமான பை எடுத்து, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய எரு கலந்து, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் நட்டுவிடுங்கள். அதற்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

முதல் வருஷம்: தண்ணீரும் உரமும்

நான் தோற்ற இடம் இது. தினம் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீரோடு செடி செடியாகப் போய்க்கொண்டு இருந்தேன். எல்லைப் பக்கத்திலிருந்து ஆடு ஓட்டிவரும் பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சாமி, தங்கேடுக்கு யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா? அது அழுவும்போது ஊத்து, சிரிக்கும்போது ஊத்தினா செத்துப்பூடும்." நான் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் தண்டின் அடிப்பாகம் கறுத்து, தொட்டால் தோல் கழன்று, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அடியழுகல். வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது, பிடுங்கி எரிக்கவேண்டியதுதான்.

அவர் சொன்ன அழுகை என்னவென்று பிறகு கற்றுக்கொண்டேன். ஆவாரை இலை இரவில் மடிந்துகொள்ளும், அது தூக்கம். காலை ஏழு மணிக்கும் இலை விரியாமல் தொங்கினால்தான் தாகம். மதிய வெயிலில் வாடுவதைப் பார்த்துவிட்டு ஊற்றக்கூடாது. முளைத்த முதல் இரண்டு மாதம், மழை பத்து நாளுக்கு மேல் பொய்த்தால் மட்டும் வாரம் ஒருமுறை ஒரு சொம்பு. முதல் கோடையில் மாதம் இரண்டு முறை. அதன்பிறகு மண்ணில் நிற்கும் செடிக்கு வாழ்நாள் முழுக்க நான் ஊற்றுவதில்லை.

உரமும் அப்படித்தான். தழைச்சத்து கிடைத்தால் இலையாகத் தள்ளும், பூ குறையும். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அவரைக் குடும்பம் என்பதால் இதன் வேரில் முடிச்சு இருக்கும், காற்றில் இருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அதை நம்பி ஒரு கடையில் ரைசோபியம், அதாவது வேர்முடிச்சு போடவைக்கும் நுண்ணுயிர், பாக்கெட் வாங்கி விதையில் புரட்டி விதைத்தேன். ஒரு வருஷம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. சென்னா இனச் செடிகள் பொதுவாக வேர்முடிச்சு போடாதவை. துவரை, அவரை, சணப்பு போல நினைத்துப் பணம் செலவழிக்காதீர்கள். ஆனால் இதன் தழை நல்ல பசுந்தழை உரம். வயலில் மிதித்துவிடப் பாட்டன் காலத்திலிருந்தே வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

களை விஷயத்தில் பார்த்தீனியம் ஒன்றைத்தான் சொல்லவேண்டும். கன்றைச் சுற்றி ஒரு அடி வட்டத்தில் அதை வரவிடாதீர்கள். மற்ற புல் பூண்டு இருந்துவிட்டுப் போகட்டும்.

சில செடிகள் ஏழெட்டு மாதத்தில் நாலு பூ காட்டும். ஒழுங்கான பூப்பு இரண்டாவது மழைக்காலத்தில்தான்.

வெட்டுவது

இதைப் பட்டை வெட்டியவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளவேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தத் தோல் ஊர்களில் குரோமியம் வருவதற்கு முன்னால் தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டைதான். ஆங்கிலத்தில் இதற்குத் தோல் பதனிடுவோரின் காசியா என்றே ஒரு பெயர். பட்டையில் இருக்கும் துவர்ப்பு தோலை அழுகாமல் இறுக்கிப் பிடிக்கும். எங்கள் தாத்தா வண்டி ஓட்டியவர். வி.கோட்டா, பலமநேர்ப் பக்கத்திலிருந்து பட்டைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்கி வருவாராம். பிறகு மலைப்பகுதியில் வளர்த்த வாட்டில் மரப்பட்டை அதன் இடத்தைப் பிடித்தது, அதன்பின் குரோமியம். தோல் கழிவால் பாலாறு கெட்டுப்போனதும், 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் கழிவு வழக்கில் தீர்ப்பு எழுதும்படி ஆனதும் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பட்டைக்காரர்கள் செடியை வேரோடு பிடுங்கவில்லை. இரண்டு மூன்று வருஷம் வளரவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுப்பார்கள். கம்பை மரச்சுத்தியால் தட்டினால் பட்டை கழன்று வரும். அடிக்கட்டையிலிருந்து பத்துப் பதினைந்து புதுக்கிளை கிளம்பும், அதுதான் அடுத்த அறுவடை. அந்த அறுப்பைத்தான் நானும் செய்கிறேன், பட்டைக்காக இல்லை, பூவுக்காக. ஆவாரை புதுக்கிளையின் நுனியில்தான் பூக்கும். வெட்டாமல் விட்ட செடி ஆளுயரத்துக்கு மேல் போய், அடியெல்லாம் மொட்டையாகி, கைக்கு எட்டாத உச்சியில் பூக்கும்.

முறை இதுதான். விதை எடுத்தபிறகு, வைகாசிக் கடைசியில், மழை வரப்போகிறது என்று தெரியும்போது வெட்டுங்கள். வருஷா வருஷம் முழங்கால் உயரத்துக்கு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சாண் உயரத்துக்கு. அரிவாள் நல்ல கூராக இருக்கவேண்டும், பிளந்த கட்டையில் தண்ணீர் இறங்கி அழுகும். வெட்டு சாய்வாக விழட்டும். உள்பக்கமாக வளரும் கிளை, காய்ந்த கிளை, பேனாத் தடிமனுக்குக் குறைந்த சோப்பளாங்கிக் கிளை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நடு மழைக்காலத்தில் கத்தி வைக்கவே வேண்டாம்.

எல்லாச் செடியையும் ஒரே வருஷம் ஒரு சாணுக்கு வெட்டாதீர்கள். நான் ஒரு வரப்பை அப்படி வெட்டினால் அடுத்த வரப்பை விட்டுவைப்பேன். காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

வண்டு இல்லாமல் காய் இல்லை

என் சித்தப்பா மகள் குடியாத்தத்தில் மாடியில் வைத்திருக்கிறாள். பூவாகப் பூக்கிறது, ஒரு காய் பிடிப்பதில்லை. "மண்ணுல ஏதாவது குறையாண்ணா?" என்று கேட்டாள். மண்ணில் ஒரு குறையும் இல்லை.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அந்த மகரந்தமும் மற்றப் பூக்களில் போல வெளியே கொட்டிக் கிடக்காது. மகரந்தப் பை மூடியிருக்கும், நுனியில் மட்டும் சின்னத் துளை. உப்புக் குப்பி மாதிரி. அதைக் குலுக்கினால்தான் தூள் வெளியே வரும். குலுக்கத் தெரிந்தது கருவண்டு, மூங்கிலையும் காய்ந்த மரத்தையும் துளைத்துக் கூடு வைக்குமே, அந்தப் பெரிய கறுப்பு வண்டு. பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிறகைத் தூக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். அப்போது அதன் ரீங்காரம் ஒரு சுருதி ஏறும். காலை எட்டு மணிக்குச் செடிப்பக்கம் நின்றால் காதால் கேட்கலாம். அந்த அதிர்வில் மகரந்தம் அதன் வயிற்றில் தெறிக்கும். தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

ஆக, காய் வேண்டும் என்றால் கருவண்டு வரவேண்டும். அதற்குப் பூ இல்லாமல் போகக்கூடாது என்றுதான் ஒரு வரப்பை விட்டுவைக்கிறேன். தங்கைக்கு ஒரு பழைய மூங்கில் கழியைக் கணுக்கணுவாக அறுத்து மாடிக் கைப்பிடியில் மழை படாமல் கட்டச் சொன்னேன். எங்கள் நிலத்தில் காய்ந்த முருங்கை மரம் ஒன்றை வெட்டாமல் விட்டுவைத்திருக்கிறேன். கருவண்டு கண்டதும் பந்தல்கால் போய்விடும் என்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அடிக்காதீர்கள்.

புழு வந்தால்

ஆவணியில் கொழுந்து இலையை எல்லாம் பச்சைப் புழு தின்றிருக்கும். மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். அது அந்த மாதமே வெளிர்பச்சை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கப்போகிற புழு. அந்தப் பூச்சிகள் முட்டை வைக்கத் தேடி வருவதே ஆவாரை, கொன்றை, தகரை போன்ற செடிகளைத்தான். தின்ற இலை மூன்று வாரத்தில் மறுபடி துளிர்க்கும். இளங்கன்று மொட்டையாகிவிட்டது என்றால் மட்டும் புழுவைக் கையால் எடுத்துப் பெரிய செடியில் விடுங்கள். நாம் பூவைப் பறித்துக் குடிக்கப்போகிறோம், இதில் பூச்சிமருந்து அடிப்பது நம் டம்ளரில் அடிப்பது போல.

மாவுப்பூச்சி தண்டில் வெள்ளையாக அப்பியிருந்தால் அந்தக் கிளையை வெட்டி எடுத்துவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மிஞ்சினால் வேப்பெண்ணெய்க் கரைசல். மார்கழிப் பனியில் இலையில் சாம்பல் படியும், வெயில் ஏறினால் தானாகப் போகும்.

பறிப்பதும் காயவைப்பதும்

பனி காய்ந்ததும், வெயில் ஏறுவதற்குள் பறியுங்கள். விரிந்த பூ மட்டும், மொட்டைத் தொடவேண்டாம். கொத்தோடு ஒடித்தால் அடுத்து வரவேண்டிய பூ எல்லாம் போய்விடும். மூன்று கொத்துக்கு ஒன்றை வண்டுக்கும் விதைக்கும் விட்டுவையுங்கள். பறித்ததை வெள்ளைத் துணியில் அரைமணி நேரம் பரப்பி வைத்தால் எறும்பு இறங்கிவிடும்.

நிழலில், காற்றோட்டத்தில், நாலைந்து நாள் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். கூடை நிறையப் பறித்தது காய்ந்தபின் ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும், ஏமாற்றமாக இருக்கும், அப்படித்தான். நொறுங்குகிற பதம் வந்ததும் பாட்டிலில் அடையுங்கள். ஈரம் மிச்சம் இருந்தால் ஒரு வாரத்தில் பூஞ்சணம்.

எங்கள் வீட்டில் பச்சைப்பூவைப் பாசிப்பருப்போடு கூட்டு வைப்போம். பருப்பு முக்கால் வேக்காட்டில் இருக்கும்போது ஒரு பிடி பூ, கொஞ்சம் சின்ன வெங்காயம், மஞ்சள்தூள். கடைசியில் சீரகமும் தேங்காயும் அரைத்தது. லேசாகத் துவர்க்கும், நெய் விட்டால் சரியாகிவிடும். காய்ந்த பூ ஒரு ஸ்பூன் இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்தால் குடிநீர். இலங்கையில் ரணவரா என்று இதைத்தான் குடிக்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினசரி குடிக்கத் தொடங்காதீர்கள். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, பிறகு ஆஸ்பத்திரியில் படுத்தவர் எங்கள் தெருவிலேயே உண்டு.

தழைக்கும் ஒரு பயன் இருக்கிறது. ஆடு மேய்ப்பவர்கள் சித்திரை வெயிலில் ஒரு கொத்துத் தழையைத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டுதான் காடு போவார்கள். நானும் வைத்துப் பார்த்தேன், தலை குளிர்ந்து கிடக்கும்.

மாடியில், தொட்டியில்

முடியும், ஆனால் மண்ணில் இருக்கும் ஆவாரைக்கு ஈடாகாது. ஒன்றரை அடி ஆழமாவது இருக்கும் தொட்டி, அடியில் பெரிய ஓட்டைகள். பாதி செம்மண், மீதிப் பாதியில் பெரும்பகுதி கரடுமணல், ஒரு பிடி மக்கிய எரு. விதையை அதிலேயே போடுங்கள். மேல் மண் இரண்டு விரற்கடை காய்ந்தபின் தண்ணீர். வருஷம் ஒருமுறை முழங்கை உயரத்துக்கு வெட்டுங்கள். நாலைந்து வருஷத்தில் வேர் தொட்டியை அடைத்துப் பூ குறையும், அப்போது புதிதாக விதை போட்டுக்கொள்ளுங்கள்.

தானாக முளைப்பவை

நாலாவது வருஷத்திலிருந்து தாய்ச்செடியைச் சுற்றிக் கன்றுகள் வர ஆரம்பிக்கும். அடியிலேயே முளைத்ததைக் கிள்ளிவிடுங்கள், நாலடி தள்ளி வந்ததை விட்டுவையுங்கள். வேறு இடத்துக்கு மாற்றவேண்டும் என்றால் நாலு இலை வந்த உடனே, மழை பெய்த மறுநாள், ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு சேர்த்துப் பெயர்த்து எடுங்கள். கணுக்கால் உயரம் தாண்டிவிட்டதென்றால் தொடாதீர்கள், அதன் வேர் உங்கள் மண்வெட்டிக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கும். அந்தச் செடி நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும், வரப்பு வேண்டுமானால் கொஞ்சம் வளைந்து போகலாம்.